மேற்கணக்கில் கேட்ட மோட்டார் சைக்கிள்

அந்த மனுசனை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகமல்ல, முகத்தில் பாதியை மூடியிருந்த மோட்டார் சைக்கிள் கண்ணாடிதான். அட்டனில் எங்கள் சங்க ஆபீஸ் வாசலில், பனி விலகாத காலை நேரத்தில், தோல் கோட்டைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டார். கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினார். கடைசியில் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, ஆபீஸ் ஜன்னலில் தன் அழகைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. செத்துப்போன ஆளைக் குறை பேசக்கூடாது என்பார்கள். பேசாமல் இருக்க என்னால் ஆகவில்லை, மன்னிக்க வேண்டும்.

அவர் எங்கள் தொழிற்சங்கத்துக்குப் புதிதாக வந்திருந்த மாவட்டப் பிரதிநிதி. கண்டியில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, நன்றாகப் படித்தவர், நன்றாகப் பேசுவார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் காம்பராவில் ஒரு ராத்திரிகூடப் படுத்திருக்க மாட்டார். நான் அந்த ஆபீஸில் எடுபிடி வேலை பார்த்த வாலிபன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்கள் தோட்டத்துச் சனத்துக்கு இருந்த பிரஜாவுரிமையும் ஓட்டும் பறிபோய், சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தில் ஒருவனுக்குப் பேர் வெட்டிவிட்டால், அதாவது வேலையை விட்டு நிறுத்திவிட்டால், வேலையோடு குடியிருக்கிற காம்பராவும் போய்விடும். அப்புறம் அவன் போய் நிற்க இந்த நாட்டில் ஒரு சாண் இடம் கிடையாது. சங்கம் ஒன்றுதான் கதி. அப்படிப்பட்ட நேரத்தில்தான், தூரத்துத் தோட்டங்களையெல்லாம் மோட்டார் சைக்கிளிலேயே சுற்றிப் பார்த்து வரப்போவதாகப் பிரதிநிதி அறிவித்தார். வழி காட்ட ஓர் ஆள் வேண்டும். தோட்டத்துப் பாதைகளில் பெயர்ப் பலகை ஏது? டயகமவில் பிறந்து அந்த மலை முழுக்கக் காலால் அளந்தவன் என்பதால் என்னைப் பின்னால் ஏறச் சொன்னார்.

நான் சந்தோசமாக ஏறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் என் அக்கா. டயகமவுக்கு மேலே, காட்டை ஒட்டிய கடைசிப் பிரிவில் அக்காவும் மச்சானும் இருந்தார்கள். மேற்கணக்கு என்று அந்தப் பிரிவுக்குப் பேர். சங்கத்துக்கு ஆள் சேர்த்த குற்றத்துக்காக மச்சானுக்குப் பேர் வெட்டியாகிவிட்டது. அந்தத் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஒரு ஆள் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். "சின்னத்துரையே நேர்ல வந்து சட்டி பானையத் தூக்கி வீசிட்டாரு. அக்காவையும் மச்சானையும் புள்ளையோட கடைசிக் காம்பராவுல ஒளிச்சு வச்சிருக்கோம். தெரிஞ்சா எங்களுக்கும் பேர் வெட்டிருவாங்க. வெரசா சங்கத்தக் கூட்டிக்கிட்டு வாங்க." பிரதிநிதி போய்த் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் பேசினால் பேர் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் தவணையாவது கிடைக்கும் என்று நம்பினேன். அன்றைக்கு எனக்கு வேறு கவலையே இல்லை.

"ஐயா, மொதல்ல டயகம பக்கம் போயிட்டு வந்துருவோங்க. அங்க ஆளுங்கள லயத்த விட்டே வெரட்டுறாங்க," என்றேன்.

"எல்லாம் ஒரு ஒழுங்காத்தான் போகணும். ஆளாளுக்கு இழுத்தா நான் எந்தப் பக்கம் போறது?" என்றார். அவருடைய ஒழுங்குப்படி மஸ்கெலியாப் பக்கம் முதலில், டயகம கடைசியில்.

சரி, போகட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். ஆனால் முதல் தோட்டத்துக்குள் நுழைந்ததுமே எனக்கு ஒரு விசயம் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெரிய துரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள், மற்ற எல்லோருக்கும் கால். சங்கத்து ஆள் என்றால் பஸ்ஸில் இறங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வருகிறவர் என்றுதான் சனத்துக்குத் தெரியும். அதனால் எங்கள் சத்தம் வளைவில் கேட்கும்போதே மலை முழுக்க ஒரே பதற்றம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திக் குனிந்துகொண்டார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவசரமாகத் துப்பினார்கள். பாதையோரம் விறகுக் கட்டோடு வந்த கிழவர் ஒருவர், கட்டைக் கீழே போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நின்றார். முழங்கால் வரைக்கும் தண்ணீர். எங்களைப் பார்த்துச் சலாம் வைத்தார்.

பிரதிநிதி வண்டியை நிறுத்தி, "நான் துரை இல்ல பெரியவரே, மேல ஏறுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? துரைமார் செய்கிற மாதிரியே இரண்டு விரலை நெற்றியில் தொட்டுவிட்டுப் போனார்!

எனக்குக் கூசிப்போய்விட்டது. "ஐயா, சத்தத்தக் கேட்டு நம்மள சின்னத்துரைன்னு நெனச்சிக்கிறாங்க. லயத்துக்குக் கீழயே வண்டிய நிறுத்திட்டு நடந்து போயிருவோங்களா?" என்று காதருகே கத்தினேன்.

"இருக்கட்டும் விடுடா. ஒரு மரியாத இருக்குல்ல?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. துரைமாரின் கொட்டத்தை அடக்கத்தான் சங்கம் என்று மேடையில் தொண்டை வறளப் பேசுகிற ஆளுக்கு, துரைக்குக் கிடைக்கிற சலாம் அவ்வளவு இனித்தது. போகிற தோட்டமெல்லாம் இதே கதைதான். சனம் முதலில் பயந்து நிற்கும். பிறகு இவர் கண்ணாடியைக் கழற்றித் தமிழில் பேசியதும், "அட, நம்ம சங்கத்து ஐயாவா!" என்று அசட்டுத்தனமாகச் சிரிக்கும். மாலை போடுவார்கள், கோழி அடிப்பார்கள். அதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

நல்லதண்ணிக்குப் போனோம். சிவனொளிபாத மலைக்குச் சனம் ஏறுகிற பருவம். வழி நெடுகக் கடைகள், சாம்பிராணிப் புகை, சிங்களவர் தமிழர் என்று ஒரே கூட்டம். பிரதிநிதிக்கு மலை ஏறிச் சூரியன் உதிப்பதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அக்கா கைப்புள்ளையோட ஒளிஞ்சு கெடக்குதுங்க. எந்த நேரமும் துரையோட கையாளு கண்டாக்கு மோப்பம் புடிச்சு வந்துருவாருங்க."

"சாமி பாக்கப் போறவன அழுது தடுக்காத," என்று சொல்லிவிட்டு ஏறப் போய்விட்டார். இறங்கி வந்ததும் முழங்கால் வலி. ஒரு தேநீர்க் கடையின் பின்கட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தே கிடந்தார். கால் வலிக்கு ஒருநாள், வந்து விசாரித்த கடைக்காரர்களோடு அரட்டைக்கு ஒருநாள். நான் வாசலில் அந்த மோட்டார் சைக்கிளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். அதை அப்படியே பள்ளத்தில் உருட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. உருட்டியிருக்கலாம்.

ஒருவழியாகத் தலவாக்கலை வந்து, அக்கரப்பத்தனை தாண்டி, டயகமவுக்குள் நுழைந்தோம். குளிர் எலும்பைக் குத்தியது. கடைத்தெருவில் தலைவர் காத்துக்கொண்டிருந்தார். "இன்னும் மேலதான் இருக்காங்க. புள்ளைக்கு மட்டும் காய்ச்ச. நடந்தே போயிருவோங்க ஐயா. மோட்டாரு சத்தம் கேட்டா சனம் கலைஞ்சிரும்," என்றார். நான் சொல்லியிருந்தால் அலட்சியப்படுத்தலாம், வயசில் மூத்தவர் சொல்கிறார்! பிரதிநிதி மேலே பார்த்தார். பாதை முழுக்கச் சேறு. கீழே குனிந்து காலில் பளபளத்த தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"நான் என்ன திருடனா, ஒளிஞ்சு ஒளிஞ்சு போறதுக்கு? ஏறுடா," என்றார்.

ஏறாவிட்டால் தனியாகப் போயிருப்பார். லயத்துக்குக் கீழேயிருக்கிற வளைவிலாவது நிறுத்த வைத்துவிடலாம் என்று ஏறினேன். ஏற்றத்தில் அந்த வண்டி போட்ட கூச்சல் இருக்கிறதே, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. வளைவு தெரிந்ததும் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "அங்கதாங்க ஐயா, அங்க நிறுத்துங்க!" என்று காட்டினேன். அவர் வேகத்தைக் கூட்டினார்.

லயத்து முற்றத்தில் வண்டி நின்றபோது ஒரு ஆள் இல்லை. கோழிகூடக் கத்தவில்லை. கடைசிக் காம்பராவுக்கு ஓடினேன். பின்கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் காம்பரா அத்தை கதவிடுக்கில் எட்டிப் பார்த்தவர், என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவி மக்கா, நீங்களா? சின்னத்துரைன்னு நெனச்சு நான்தானே அவங்கள வெளிய தள்ளுனேன்! இப்பத்தான் தேயிலைக்குள்ள பூந்து ஓடுறாங்க!"

நான் ஓடினேன். தேயிலைக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே பத்தனை என்கிற வெறும் புல்வெளி. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. "அக்கா! அக்கா! நான்தான்க்கா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஏறினேன். பதில் இல்லை. இருட்டியதும் கீழே இறங்கினேன். பிரதிநிதி லயத்து வாசல் இஸ்தோப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆளே இல்லாம நான் துரைகிட்ட எதப் பேசுறது? ஓடுனவங்க தப்பு," என்றார். அக்கரப்பத்தனையில் கூட்டம் இருக்கிறதென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அவரோடு போகவில்லை. அதற்குப் பிறகு சங்க ஆபீஸ் வாசலையும் மிதிக்கவில்லை.

நானும் தலைவரும் மறுநாளும் அதற்கு மறுநாளும் தேடினோம். பத்தனையைக் கடந்து ஒகிய ஸ்டேசனில் ரயில் ஏறிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அங்கிருந்து தலைமன்னார், கப்பல், இந்தியா. பிரதிநிதி வளர்ந்து பெரிய தலைவரானார். அந்தப் பயணத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசுவார். ஒருதடவை அட்டனில் என் காதாலேயே கேட்டேன். "என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மலைநாட்டு மக்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று மரியாதை செய்தார்கள்," என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் நினைவுநாளில் பேச வரும்படி இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார்கள், பழைய ஆள் என்று. போய்ப் பேசினால் மாலை போட்ட படத்தின் முன்னால் நான் காறித் துப்பிவிடுவேன். அதனால் போவதில்லை.

தலைமுடி நரைத்த பிறகுதான் எனக்கு அக்காவின் இருப்பிடம் தெரிந்தது. எங்கள் சனத்தைத் திருப்பியனுப்ப இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியா போன ஒருவர் சொல்லியனுப்பினார். நீலகிரியில், கோத்தகிரிக்கு மேலே, அங்கேயும் தேயிலைதான். விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். மச்சான் காலமாகியிருந்தார். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. "பாப்பா எங்கக்கா? கட்டிக் குடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

"பத்தனையில பொதச்சேன்," என்றாள். "அன்னிக்கு ராத்திரிப் பனி தாங்கல. ஒனக்குத் தெரியாதா? நீதானே தொரையக் கூட்டிக்கிட்டு வந்தவன்? மேட்டுல நின்னு நான் கண்ணால பாத்தேன். பின்னால ஒக்காந்து கைய நீட்டி வழி காட்டுன. அதுக்கப்பறம் அக்கா அக்கான்னு கத்தி வெரட்டிக்கிட்டு வேற வந்த."

எனக்கு உயிரே போய்விட்டது. கத்தக் கத்த அவர்கள் ஏன் நிற்கவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அது தொரை இல்லக்கா. சங்கத்து ஆளு. ஒங்களக் காப்பாத்தத்தான்க்கா கூட்டிக்கிட்டு வந்தேன்." அந்த மனுசனின் திமிரையும், மலை ஏறிய கூத்தையும், சப்பாத்தில் சேறு படக்கூடாதென்று நடக்க மறுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டால் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன்.

அவள் கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்தாள்.

"அப்ப நாங்க எதுக்குடா ஓடுனோம்?" என்றாள். "தொரைகிட்டருந்து தப்பிச்சோம்னாச்சும் இருந்துச்சு. இத்தன வருசமா ஒன்ன வஞ்சு வஞ்சுதான் மனச ஆத்திக்கிட்டு இருந்தேன். இனி நான் யாரடா வைவேன்?"

அந்த மனுசனின் பேரைச் சொன்னேன். அப்படி ஒரு பேரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.