மழைப் பாதை சுவிட்சைப் போட்டது யார்?

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொண்டே வாசியுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய், முனி, கண்ணூறு எதையும் நம்பியவன் இல்லை நான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, லொறி கழுவி, லொறி ஓட்டி, இன்றைக்குக் கண்டி டவுனில் பதினொரு ஸ்கூல் வேன் வைத்திருப்பவன். லொறி ஓட்டிய காலத்தில் சுடுகாட்டு மதில் ஓரமாக நிறுத்திவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன், எதுவும் வந்து எழுப்பவில்லை. இது இருட்டில் நடந்த கதையும் இல்லை. பட்டப்பகல், ஒன்றே முக்கால் மணி, நல்ல வெயில்.

என் வேன்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சொல்கிறபடிதான் ஓடும். எந்த வேனில் எந்தப் பிள்ளை, எந்தப் பாதை என்பதெல்லாம் என் ஆபீஸ் அலுமாரிக்குப் பக்கத்தில் இருக்கிற சர்வரிலிருந்து டிரைவர்களின் போனுக்குப் போகும். அதற்கான ப்ரோகிராமை எழுதிக் கொடுத்தது பஸ்னா என்கிற அக்குறணைப் பிள்ளை. ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. அந்தப் பெயரை நாலு தரம் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டேன், இப்போது கெம்பஸ் படித்தவனோடும் அதைப் பற்றி வாயடிப்பேன்.

பஸ்னாவுக்கு ஒரு வேலை முறை உண்டு. புதிதாக ஒன்றை எழுதினால் உடனே வெளியே விட மாட்டாள். உள்ளே எழுதி வைத்து, அதற்கு முன்னால் ஒரு சுவிட்ச் வைப்பாள். போட்டால் அந்த வேலை நடக்கும். அணைத்தால் எழுதியது எழுதியபடி சும்மா கிடக்கும். வீடு முழுக்க வயர் இழுத்து வைத்துவிட்டு, வேண்டிய நேரம் மட்டும் பல்பை எரிய விடுகிற மாதிரி.

அப்படி வைத்த ஒரு சுவிட்ச்தான் மழைப் பாதை. அடை மழைக் காலத்தில் மலைப் பாதையில் மண் சரியும் அல்லவா, அதற்காக ஒவ்வொரு வேனுக்கும் ஒரு சுற்றுப் பாதை. சுவிட்சைப் போட்டால் பதினொரு டிரைவருக்கும் ஒரே நேரத்தில் ‘மழைப் பாதை’ என்று போனில் வரும், பார்த்ததற்கு அவர்கள் ஓகே அமுக்க வேண்டும். தெல்தோட்டை வேன் கலஹா வழியை விட்டுவிட்டு, தலாத்துஓயா பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பெற்றோர்கள் சும்மா விடவில்லை. சாதாரணத் தூறலுக்கெல்லாம் பிள்ளைகள் ஒரு மணி நேரம் பிந்தி வருகிறார்கள் என்று சண்டை. அணைக்கச் சொன்னேன். பஸ்னா இன்னொன்றும் சொன்னாள், பாவிக்காத சுவிட்சை உள்ளே வைத்திருக்கக் கூடாதாம், பிறகு எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கே விளங்காமல் போகுமாம். வேரோடு அழி என்றேன். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சுவிட்சை அழித்தாள், அதற்குப் பின்னால் இருந்த வேலையை அழித்தாள், சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டாள். முடிந்தது.

மூன்று கிழமை கழித்து ஒரு புதன்கிழமை. தெல்தோட்டை வேன் ஓட்டுகிற செல்வம் எனக்குப் போன் எடுத்தான். பதினாலு பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு டவுனிலேயே நிற்கிறானாம்.

“மொதலாளி, மழைப் பாதைன்னு வந்திருக்கு. தலாத்துஓயா பக்கமா போகவா?”

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வாவிக்கு மேலே வெயில் கண்ணைக் குத்துகிறது. அதெல்லாம் பிழையாக வந்திருக்கும், நீ கலஹா வழியாலேயே போ என்றேன். அவன் போகவில்லை.

“நான் ஓகே அமுக்கிட்டேன் மொதலாளி.”

“அமுக்கினா என்னடா? ஒனக்கு மொதலாளி நானா, போனா?”

பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. பிறகு, பயந்து பயந்து சொன்னான்.

“நீங்கதானே சொன்னீங்க, போன்ல வந்ததுக்கு மேல யாரு சொன்னாலும் கேக்கக்கூடாது, நீங்களே சொன்னாலும் கேக்கக்கூடாதுன்னு. அதுக்காகத்தானே பாலாவை வீட்டுக்கு அனுப்புனீங்க.”

உண்மைதான். பாலா என்கிற டிரைவர் ஒரு தாய் கேட்டாள் என்று பாதையை மாற்றிப் போனான், அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டேன். நான் போட்ட சட்டம் என் வாயையே அடைத்துவிட்டது. போய்த் தொலை, சுத்திக்கிட்டே போ என்று போனை வைத்தேன். நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள், நான் அவனைக் காப்பாற்றவில்லை. அந்தப் பதினாலு பிள்ளைகளையும் கலஹா பாதைக்கு அனுப்பத்தான் நான் பாடுபட்டேன்.

அடுத்து பஸ்னாவுக்கு எடுத்துக் கத்தினேன், யாரைக் கேட்டு அந்தச் சுவிட்சைப் போட்டாய் என்று.

“அங்கிள், எந்த சுவிட்ச்? அதுதான் இல்லயே. உங்களுக்கு முன்னாலதானே அழிச்சேன்.”

நம்பினால் நம்புங்கள், அவள் ஆபீசுக்கே ஓடி வந்தாள். எழுதியது முழுவதையும் தேடினாள். மழை என்கிற சொல்லே எங்கும் இல்லை. சர்வர் அன்று நிறுத்தி ஓட விட்டதிலிருந்து ஒரு தரமும் நிற்கவில்லை, அழித்தது திரும்பி ஏறியிருக்க வழியில்லை. செல்வத்தின் போனில் பழையது தங்கியிருக்கும் என்று பார்த்தால், அது போன கிழமை வாங்கிக் கொடுத்த புதுப் போன். மற்றப் பத்து டிரைவருக்கும் எடுத்துக் கேட்டோம், ஒருவனுக்கும் வரவில்லை. ஒரு வேனுக்கு மட்டும் அனுப்புகிற மாதிரி அந்த வேலையை எழுதவே இல்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் சர்வர் தானாக எழுதி வைக்கிற பதிவு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரி இருந்தது: மழைப் பாதை போடப்பட்டது, தெல்தோட்டை வேன்.

நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே செய்தி வந்தது. டவுனில்தான் வெயில், கலஹா மலையில் காலையிலிருந்து கொட்டியிருக்கிறது. பாதைக்கு மேலே இருந்த மண் திட்டி அப்படியே இறங்கிவிட்டது. செல்வம் கலஹா வழியால் போயிருந்தால் எந்த இடத்தில் இருந்திருப்பான் என்று நான் கணக்குப் பார்த்தேன். நாற்பது வருடம் அந்தப் பாதையில் ஓடியவன், என் கணக்குப் பிழைக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். டிரைவர்கள் தோட்டத்து மாரியம்மன் என்றார்கள். செல்வம் என்னைக் கேட்காமல் சர்வரில் எலுமிச்சம்பழம் கட்டினான், நான் பிடுங்கி எறிந்தேன். பஸ்னா ஏதோ கோளாறு, கண்டுபிடித்துவிடுவேன் என்றாள், இன்னும் தேடுகிறாள். நான் இரண்டையும் ஏற்கவில்லை. அம்மன் என்றால் முன்பொரு தரம் என் இன்னொரு வேன் பிள்ளைகள் நாவலப்பிட்டி மழையில் மாட்டியபோது ஏன் வாயே திறக்கவில்லை? கோளாறு என்றால் அதற்குத் தெல்தோட்டை வேன் எது என்று எப்படித் தெரிந்தது?

முன்பு சண்டை போட்ட பெற்றோர்களே வந்து அந்தச் சுவிட்சைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். பஸ்னாவும் கேட்டாள்.

“ஒரு நாள் வேலைதான் அங்கிள். எழுதட்டா?”

“வேணாம் பிள்ள. இல்லாத சுவிட்ச போட்ட கைக்கு, இருக்கிற சுவிட்ச அணைக்கத் தெரியாதா?”

பிடிவாதக்காரக் கிழவன் என்று ஊர் சொல்கிறது, சொல்லட்டும். இப்போது தினமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் கலஹாவில் ஒரு கடைக்காரருக்கு நானே போன் எடுத்து மழையா என்று கேட்டு, பாதையை நானே வாயால் சொல்கிறேன். போனுக்கு மேலே என் வாய் என்று சட்டத்தை மாற்றிவிட்டேன். பாலாவையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. பஸ்னா எழுதிய முறைப்படி, ஒரு சுவிட்சைப் போட்டால் பதிவில் ஒரு வரி வரும், அணைத்தால் இன்னொரு வரி வரும். மாதத்துக்கு ஒரு தரம் அந்தப் பதிவைத் திறந்து காட்டச் சொல்கிறேன். போட்ட வரி அப்படியே இருக்கிறது. அணைத்த வரி இன்றுவரை வரவில்லை.