வெள்ளைப் புகையின் வாடை

என் பெரியப்பாவின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "மூக்கு மெக்கானிக்" என்று கேட்டால் போதும், யாரும் வழி காட்டுவார்கள். பழைய கார் வந்தால் அவர் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் குந்தி, சைலன்சர் புகையை உள்ளங்கையால் முகத்துக்கு விசிறிக்கொள்வார். பச்சைப் பெட்ரோல் நெடி என்றால் கார்புரேட்டர். கருகிய ஆயில் வாடை என்றால் பிஸ்டன் ரிங். லேசாக இனித்தால், ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் எஞ்சினுக்குள் கசிகிறது. கசிவைச் சோதிக்கும் கருவிகளை அவர் வாங்கவே இல்லை. "மூஞ்சியிலயே ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு எதுக்கு?" என்பார்.

ஒரு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. உடம்பு தேறி எழுந்த சில நாட்களில், பெரியம்மா மாடிக்குப் போயிருந்த நேரம், அடுப்பில் பால் தீய்ந்து கரியானது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"வீடே நாறுது, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே?"

"ஜலதோஷம். மூக்கு அடைச்சிருக்கு."

அவர் குரலில் அடைப்பு எதுவும் இல்லை. பெரியம்மா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, பாத்திரத்தைத் தேய்க்கப் போனார்.

போன மோப்பம் எப்படியும் திரும்ப வந்துவிடும் என்று பெரியப்பா நம்பினார். பட்டறையில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. புகையின் நிறத்தையும் எஞ்சின் சத்தத்தையும் வைத்துச் சமாளித்தார். அப்போதுதான் ஒட்டகம் வந்தார். நெட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். பெரியப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடத்தினார்.

"காலையில லேசுல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுடா. ஆனதும் வெள்ளையாப் புகை கக்குது."

"உன் வண்டி உன்ன மாதிரிதானே இருக்கும்? எழுப்பி விட ஊரே வரணும்."

"நீ முதல்ல மூக்க நீட்டு. வாய அப்புறம் நீட்டலாம்."

பெரியப்பா குந்தினார். புகையை விசிறி இழுத்தார். இனிப்பு இல்லை. இன்னொரு முறை இழுத்தார். அப்போதும் இல்லை. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது ஈரமாக இருந்தது. அதையும் மூக்கருகே கொண்டுபோய்விட்டுத் துணியில் துடைத்தார். அத்தனை வருடப் பழக்கம். இனிப்பு வரவில்லை என்றால் கூலன்ட் இல்லை என்றே அவர் மனம் கணக்குப் போட்டது. எந்த வாடையுமே வரவில்லை என்பதை அது கணக்கில் சேர்க்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்திருந்தாலே போதும், கூலன்ட் குறைந்திருப்பது தெரிந்திருக்கும்.

"பெட்ரோல் அதிகமாப் போகுது. புகை குளிருக்கு வர்ற ஆவிதான்," என்று கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார்.

அந்த வாரமே, பயணிகளோடு மேட்டுச் சாலையில் ஏறும்போது எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெரியப்பா பிரித்துப் பார்த்தார். எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, பிளாக்கில் விரிசல் ஓடியிருந்தது. ஒட்டுப் போட முடியாத விரிசல்.

ஒட்டகம் கத்தியிருந்தால் பெரியப்பா தாங்கியிருப்பார். ஒட்டகமோ டயர் மேல் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "எனக்கே இனிப்பு வாடை வந்துச்சுடா. நீ வெறும் ஆவின்னதும் என் மூக்குலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

பெரியப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எனக்கு எந்த வாடையும் வரலடா," என்றார். "காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

கார் பழைய இரும்புக்குப் போனது. ஒட்டகம் இப்போது வேறொருவருடைய வேன் ஓட்டுகிறார். பட்டறையைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பார், ஆனால் நிறுத்துவதில்லை.

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் பழைய காரோடு வந்தார். காலையில் லேசில் கிளம்புவதில்லை, புகை வருகிறது என்றார். பெரியப்பா அவரையே பின்பக்கம் கூட்டிப்போனார்.

"கொஞ்சம் மோந்து பாருங்க தம்பி. என்ன வாடை வருது?"

வந்தவர் முகம் சுளித்தார். "புகை வாடைதான் சார். வேற என்ன வரும்?"

"இனிக்குதா? எண்ணெய் கருகின மாதிரி இருக்கா?"

"தெரியல சார். உங்களுக்குத்தான் மூக்குன்னு சொன்னாங்க."

பெரியப்பா ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம், சூடாக இருக்கும் என்று எச்சரித்துவிட்டு, அடுத்த தெருவில் கருவி வைத்துப் பார்க்கும் பட்டறைக்கு வழி சொன்னார். கார் திரும்ப இடம் வேண்டுமென்று வாசலில் கிடந்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டி ஓரத்தில் வைத்தார்.