இருபது அடியில் பாலைமரம்

அம்மா உப்புக்குளத்தில் படுக்கையாகக் கிடக்கிறார். கஞ்சியைத் தொடவில்லை, பாலைப்பழம் மட்டும் கேட்டார். இலுப்பைக்கடவைக் காட்டுக்கு பஸ் ஏறினேன். இப்போது அங்கே சீட்டெடுத்து நடக்கும் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் பாதித் தூரம் நடந்ததும் பாலைப்பழ வாசம் மூக்கில் ஏறியது.

எட்டு வயதில் அம்மாவோடு பழம் பறிக்க நான் வந்தபோது பாதையே இல்லை. அம்மா முள்ளை விலக்கிக்கொண்டே என் பெயரைக் கூப்பிடுவார். நான் தொலைந்துபோகவில்லை என்று தெரிய, ஒவ்வொரு முறையும் "ஓம்" சொல்ல வேண்டும். ஒருநாள் சலித்துப்போய், வாய் நிறையப் பழத்தோடு வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். அம்மா ஓடி வந்தார். காலெல்லாம் முள் கிழித்து இரத்தம். அடிக்கவில்லை. பழப்பால் ஒட்டிய என் உதட்டைச் சேலையால் துடைத்தபடி, "ஏன் பிள்ளை சத்தம் போடேல்லை?" என்று அழுதார்.

இப்போது மரம் பாதையிலிருந்து இருபது அடியில்தான் நின்றது. இறங்கப் போனேன்.

"தங்கச்சி, பாதையை விட்டு இறங்கக்கூடாது," என்றார் காவலாளி.

"நாலு பழம் அண்ணை. அம்மா சாப்பிடுறா இல்லை."

"விளங்குது. ஒரு பழம் ஆய விட்டாலும் என்ர வேலை போயிடும்."

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. அவரைத் திட்டக்கூட முடியாமல் வெறுங்கையோடு திரும்பினேன்.