நான் மலையாக இருந்த மூன்று வாரம்

திங்கட்கிழமை காலை. கம்பெனி கேட்டில் நுழைகிறேன். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: “இன்னா மேடம், இன்னிக்கு மலை நடந்து வருது?”

அங்கே நின்ற ஃபர்ஸ்ட் ஷிப்ட் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய? மூன்று வாரமாக நான் மலையாகத்தான் இருந்தேன்!

விஷயம் இதுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எங்கள் ரிக்ரியேஷன் கிளப்காரர்கள் இந்த வருஷம் சைக்கிளிலேயே கொல்லிமலைக்குப் போவதாக முடிவு செய்தார்கள். மூன்று நாள் பயணம், திரும்புவது வேனில். கடைசி நாள் மலை... எழுபது கொண்டை ஊசி வளைவு! பஸ்ஸில் போனாலே எனக்குத் தலை சுற்றும்.

அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா, பக்கத்துப் பென்னலூர்ப் பெண், தானும் பெயர் கொடுத்தாள். கிளப் செக்ரட்டரி தலையைச் சொறிந்தார்.

“லேடீஸ்னா பின்னாடி வர்ற வேன்ல வரலாமேம்மா.”

“சைக்கிள்லதான் சார் வருவேன்.”

“சரி, மூச்சு வாங்க நிக்கலாம். ஆனா ஒரு வளைவுல எறங்கித் தள்ளினாலும் வேன்தான். ஒத்துக்கிறியா?”

ஆண்களுக்கும் இந்தக் கண்டிஷன் உண்டா என்று நான் கேட்டேன். செக்ரட்டரிக்கு உடனே ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

ஸ்டெல்லா ஒத்துக்கொண்டாள். ஆனால் மலைக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் பூமி தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு என்று சொல்ல செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஒன்றுதான் உண்டு. அவள் சைக்கிளுக்கு கியரும் கிடையாது. பின்னால் மணல் மூட்டை கட்டிப் பார்த்தாளாம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதாம்.

மறுநாள் என் மேஜைக்கு வந்தாள். “அக்கா, உங்க வெயிட்டு இன்னா?”

கேட்கக் கூடாத கேள்வி. இருந்தாலும் சொன்னேன். எழுபத்தெட்டு.

“சூப்பர்க்கா. நீங்க சாய மாட்டீங்க!”

அப்படித்தான் எனக்கு இந்தப் பதவி கிடைத்தது. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி கேட்டிலேயே கேரியரில் நான் உட்கார, ரோட்டிலிருந்து ஏரிக்கரை மேல் ஏறும் சரிவில் பத்து தடவை ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து நேராக என் வீட்டு வாசலில் பெல் அடித்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்காரர் குறட்டை, மாமியார் தொலைத்த பல்செட் — எல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். அவளுக்கு மூச்சு வாங்கும்.

“அக்கா, மலை பேசாது. சும்மா வாங்க.”

அரை நிமிஷம் சும்மா வருவேன்.

ஒரு நாள் பாதிச் சரிவில் நின்றுவிட்டாள். எதிர்க்காற்று. ஒரு காலை ஊன்றி ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்துகொண்டாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. “நான் எறங்கிக்கட்டுமாம்மா?” என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். “மலை எறங்கிக்குமாக்கா? குந்துங்க.”

நின்ற இடத்திலிருந்து, அந்தச் சரிவில், எழுபத்தெட்டு கிலோவோடு மறுபடி மிதித்தாள். ஏறினாள். என் பெண்ணாக இருந்தாலும் இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டேன்.

நாமெல்லாம் தயாராவது எப்படி? புது டைரி வாங்குவோம், புது ஷூ வாங்குவோம். முடிந்தது தயாரிப்பு! கிடைக்காத மலையைத் தேடிக் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தோன்றும்?

சரி, பயணம் முடிந்த அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். கேன்டீனில் ஸ்டெல்லாவைப் பிடித்தேன். முகம் கறுத்து, உதடு வெடித்து, நொண்டிக்கொண்டு வந்தாள்.

“எழுபதுமா?”

“எழுபதும்க்கா.”

“தள்ளவே இல்லையா?”

“ஆறு எடத்துல நின்னேன். தள்ளல. செக்ரட்டரி சாருதான் முப்பத்தி ரெண்டுல வேன் ஏறிட்டாரு, பாவம்.”

“மலை எப்படிடி இருந்தது?”

டீயை ஒரு வாய் குடித்தாள். “பெருசாத்தான் கீதுக்கா. ஆனா பேசவே மாட்டேன்னுட்டுது. உங்க மாமியார் பல்செட்டுக் கதைய நானே சொல்லிக்கினு ஏறினேன்.”