மார்ஜின் யாரோட துணி?

"சந்தேகம் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்று கைப்பேசிக்குள்ளிருந்து குரல் வந்ததும், தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு வலக்கையை உச்சிக்கு மேல் தூக்குகிறார். குரல் வேறு யாரையோ அழைக்கிறது. கை மெல்ல இறங்குகிறது.

"என்ன, சாட்சி சொல்லப் போறியா?" என்கிறார் எதிரே காஜா எடுத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்.

"அந்தத் தம்பிக்கு முன்வரிசை ஆளுங்கதான் கண்ணுல படுறாங்க. நாம கடைசி பெஞ்சுங்க."

முதலீட்டைப் பற்றிய இலவச ஆன்லைன் வகுப்பு அது. ஊசிப்பெட்டியில் சாய்த்து வைத்த கைப்பேசியில் கட்டம் கட்டமாக முகங்கள். அம்மாவின் கட்டம் மட்டும் இருட்டு. கேமராவை எப்படித் திறப்பதென்று அவருக்குத் தெரியாது. திறக்கவில்லை என்பதும் தெரியாது.

புதுச் சொல் காதில் விழுந்தால் வெட்டுமேசையில் சாக்கட்டியால் எழுதிவிடுவார். ஒருமுறை அதன்மேலேயே ஒருவரின் கறுப்புப் பேன்ட்டை விரித்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டார். மனிதர் 'டிவிடெண்ட்' என்ற சொல்லைக் கண்ணாடி எழுத்தில் பின்பக்கம் சுமந்துகொண்டு அலுவலகம் முழுக்க உலாவியிருக்கிறார். சண்டைக்கு வந்தவரிடம், "கோவிச்சுக்காதீங்க சார். கம்பெனி லாபத்துல நமக்குத் தர்ற பங்குன்னு அர்த்தம். நல்ல வார்த்தைதான்" என்றார்.

எல்லாச் சொல்லையும் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்று தானாக வந்து மடியில் விழுந்தது. மார்ஜின். "மார்ஜின் வசதி இருந்தா கையில இருக்கிறதைப்போல நாலு மடங்குக்கு பங்கு வாங்கலாம்" என்று குரல் சொன்னபோது அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"இது நம்ம வார்த்தைங்க! சட்டைக்கு உள்ள மடிச்சு விடுற துணி. உடம்பு பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம். அது இருந்தா பயமே வேணாம்."

"நீ பங்குல போடப் பார்க்கிறது ஓவர்லாக் மெஷினுக்குச் சேர்த்த காசு" என்றார் வீட்டுக்காரர். "தெருக்கோடி கடைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்துக் கொடுத்தே நம்ம கூலி பாதியாப் போகுது. யோசிச்சுச் செய்."

யோசித்ததில் ஒரு சந்தேகம் முளைத்தது. அதைக் கேட்காமல் பணத்தைப் போடுவதில்லை என்று இருந்தார். கேட்கத்தான் வழியில்லை. வாரம் தவறாமல் கை ஏறுவதும் இறங்குவதுமாகப் போயிற்று.

சீருடையின் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்திருந்த நர்ஸம்மா ஒருநாள் வகுப்பு நேரத்தில் வந்தார். அம்மாவின் கை ஏறியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஐயோ அக்கா, நிஜக் கை இல்ல! இந்தப் பொம்மைக் கையை அமுக்கணும்."

அமுக்கினார்கள். "சொல்லுங்கம்மா" என்றது குரல். அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி, அந்த மார்ஜின் யாரோட துணி?"

"என்னம்மா?"

"நான் கஸ்டமர் துணியிலயேதான் ரெண்டு விரல் மடிச்சு விடுவேன். அது அவங்களோடது. நீங்க சொல்ற மார்ஜின் நம்மளோடதா?"

"இல்லம்மா, அது கடன். புரோக்கர் கம்பெனி தர்றது. விலை இறங்குனா நீங்க ஈடு கட்டணும். கட்டலைன்னா உங்க பங்கை அவங்களே வித்துடுவாங்க."

"அப்போ துணி பத்தலைன்னா போட்டிருக்கிற சட்டையையும் கழட்டிக்குவாங்க?"

கட்டங்களுக்குள் சிரிப்பு வெடித்தது. "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா" என்று குரலும் சிரித்தது. நாலு மடங்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவருக்கு நகர்ந்தது.

அம்மா வகுப்பை அணைக்கவில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை உருவி ஒரு நுனியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் போய்ச் சுவர் மூலையில் குந்தி அதை அழுத்திப் பிடிக்க, அம்மா மறுநுனியோடு பின்னாலேயே நடந்து, ஓவர்லாக் மெஷினுக்கு அங்கே இடம் காணுமா என்று குனிந்து பார்த்தார்.