நாத்தனார் மாட்டிய தெர்மாஸ்டாட்

உள்ளங்கை அளவு சாம்பல் நிறப் பெட்டி, நடுவில் ஒரு திருகு, சுற்றிலும் எண்கள். அதிலிருந்து வரும் 'டக்' சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த மார்கழி அது. மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய புதிது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகளை, உடம்பு சில்லிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மைசூர்க் குளிரில் அது எப்படி முடியும் என்று எனக்கு ஒரே பதற்றம்.

என் நாத்தனார், கணவரின் அக்கா, பட்டுப்புழு முட்டை பொரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தார். பிள்ளை இல்லாதவர், எங்களோடுதான் இருந்தார். அங்கே அறைச் சூடு கொஞ்சம் பிசகினாலும் முட்டைகள் வீண். அந்தப் பழக்கத்தில் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்து, ஹீட்டரோடு இணைத்து, தெர்மாஸ்டாட் என்ற அந்தப் பெட்டியை எங்கள் அறைச் சுவரில் மாட்டவைத்தார். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு. சூடேறினால் வளைந்து மின்சாரத்தை நிறுத்தும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி கொடுக்கும். எனக்கோ கை சும்மா இருக்காது. குழந்தையின் காலைத் தொட்டுப் பார்ப்பேன், திருகை ஏற்றுவேன். நெற்றியைத் தொடுவேன், இறக்குவேன்.

"பேடாம்மா, வேண்டாம், அதைத் தொடாதே. அதிகமாத் திருகினா சீக்கிரம் சூடாகாது. வச்ச அளவுல நிறுத்தறது மட்டும்தான் அதோட வேலை" என்பார்.

ஆனால் தினமும் பொழுது சாய்ந்ததும் ஹீட்டர் அணைந்துவிடும். குழந்தையின் பாதம் ஜில்லென்று ஆகிவிடும். திருகைக் கடைசி வரை ஏற்றுவேன். இரண்டு மணி நேரம் கழித்து ஹீட்டர் திடீரென்று பிடித்துக்கொண்டு அறை வெந்துபோகும். ஒரு வாரம் இப்படி. ஒரு சாயங்காலம் குழந்தை பால் குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை.

"பெத்திருந்தாத் தெரியும் உங்களுக்கு. புழுவும் என் குழந்தையும் ஒண்ணா?" என்று நாத்தனாரைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அவர் குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் புடவையால் மூடிக்கொண்டு, பெட்டியின் அடியில் கையை நீட்டிப் பார்த்தார். நேர் கீழே மாடத்தில், குழந்தை பிழைக்க வேண்டும் என்று தினமும் நான் ஏற்றிய அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் சூட்டை அறையின் சூடு என்று நம்பிப் பெட்டி ஹீட்டரை நிறுத்தியிருந்தது. எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்த பிறகுதான், நான் கடைசி வரை ஏற்றிவைத்த அளவுக்கு ஹீட்டர் எரிந்திருக்கிறது. விளக்கை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தார். சற்று நேரத்தில் டக். ஹீட்டர் கம்பி சிவந்தது. அறை சூடேறியதும் குழந்தை பால் குடித்தாள்.

ஆபீசிலிருந்து வந்த கணவர், விளக்கு ஏன் இடம் மாறியது என்று கேட்டார்.

"நான்தான்டா, தெரியாம பெட்டிக்குக் கீழ வச்சிட்டேன்" என்றார் நாத்தனார்.

"எல்லாம் தெரிஞ்ச நீயே இப்படிப் பண்ணலாமா அக்கா?" என்று அவர் கோபித்துக்கொண்டார். நான் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தேன்.

நாத்தனார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மகள் இப்போது தன் வீட்டு ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு, இன்னும் குளிரவில்லையே என்று ரிமோட்டைத் தட்டுகிறாள். வருகிறவர்களிடம், அத்தை வைத்த விளக்கால் நான் போயிருப்பேன் என்று சிரித்துச் சொல்கிறாள். அப்பா சொல்லிக் கேட்ட கதை. அவள் அதை ஆரம்பித்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். நேற்றும் போனேன். பாதியில் திரும்பி வந்து, "அந்த விளக்கை வச்சது நான்தான்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "அப்போ அத்தை ஏம்மா அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல, அன்று நான் கத்தியதையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.