அகலக் குழாய்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடமாகக் குழாய் வேலை செய்கிறார். ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் சரி செய்கிற மனுஷன், எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுவதை மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "அடைப்பு இல்லம்மா. இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் ஓரிடத்துல அளவுக்கு மீறி அகலமாயிருக்கு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அகலம்தானே! நாத்தனாருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையைத் தினமும் அவர் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். இவர் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

நேற்று சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். வேலை நடக்கும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டம்மா, "கழிவுக் குழாயப் பெருசாவே போட்டுடுங்க, அடைக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெருசா போட்டா தண்ணி மெதுவாப் போகும்மா. வேகம் இல்லன்னா கசடு தங்கும். ஒருநாள் மொத்தமா அடைச்சுக்கும்" என்றார் இவர்.

அவரைத் தனியாக இழுத்தேன்.

"அப்போ உங்களுக்கும்..."

"அதேதான். டாக்டர் சொன்னதுமே புரிஞ்சுது. நீ போன்ல சந்தோஷமா பேசிட்டிருந்த. எதுக்குக் கெடுக்கணும்?"

சாப்பாட்டை வைக்க அவருடைய கருவிப் பையைத் திறந்தேன். அடியில் ஆணிகளோடு மாத்திரைகள் கிடந்தன. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கையை நீட்டினார். விரலெல்லாம் கீறல்.

"இத முழுங்கினா ரம்பம் பட்ட இடத்துல ரத்தம் நிக்க மாட்டேங்குது. ரெண்டு வீட்ல தரையெல்லாம் கறைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வேலைய விடவா, மாத்திரைய விடவா? நீயே சொல்லு."

மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்து, விழுங்கும்வரை நின்றேன். பிறகு ரம்பத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

"எங்க அறுக்கணும்னு கோடு போடுங்க."

முதல் வெட்டு கோணலாகப் போனது. "வெட்டச் சொன்னா கடிச்சு வச்சிருக்கியே" என்றார்.

இன்று காலை இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டினேன். அவர் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் வீட்டைப் பூட்டினேன்.